பொக்குக் காயை ஏன் மறைத்தாய், மச்சான்?

என் பிரியமுள்ள காதர் மச்சானுக்கு,

நீ ஆவணியில் போய்ச் சேர்ந்தாய். கார்த்திகையில் நான் கடலை பிடுங்கினேன். மூட்டைகளை எங்கே கொண்டு போவதென்று தெரியாமல் இரண்டு நாள் களத்திலேயே போட்டு வைத்திருந்தேன். பேகம்பூரில் உன் மண்டி பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஆத்தூரிலிருந்து வேன் பிடித்து, திண்டுக்கல்லில் ஒரு புது வியாபாரியிடம் இறக்கினேன்.

அந்த ஆள் உன்னைப் போல "டீ சாப்புட்டு வா மச்சான்" என்று என்னை அனுப்பவில்லை. என் கண் முன்னாலேயே மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு படி காய் எடுத்து உடைத்துத் தட்டில் பரப்பினார். பாதிக்கு மேல் பொக்கு. ஓடு முழுசாக இருக்கிறது, உள்ளே பருப்பே இல்லை. இருந்த பருப்பும் சூம்பிக் கிடந்தது.

"என்னங்கய்யா, வெறும் ஓட்டைக் கொண்டாந்திருக்கீங்க?" என்றார்.

நான் சண்டைக்குப் போய்விட்டேன். "இம்புட்டு வருசமா எங்காட்டுக் காயை ஒருத்தன் குத்தம் சொன்னதில்ல, தெரியுமா?" என்று கத்தி, வேறு மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். அதுவும் அப்படித்தான் இருந்தது.

அதற்கு முந்தின வருசம் வரை நீ என்ன சொன்னாய்? நான் டீ குடித்துவிட்டு வந்தால் தட்டில் உடைத்த பருப்பு தயாராக இருக்கும். "குண்டு குண்டா இருக்கு பாரு" என்பாய். ஒரே வருசத்தில் ஒரு காடு இப்படிக் கெட்டுப் போகுமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன்.

உன் வீட்டுக்காரி, தங்கச்சி சபூராதான் இருந்தது. நான் கேட்டதும் அழுதுகொண்டே சொன்னது. "உங்க மூட்டையை உடைச்சா அவுக முகம் சுண்டிப் போயிரும்ணே. உங்களை டீக்கடைக்கு அனுப்பிட்டு, வேற மூட்டைக் காயை உடைச்சுத் தட்டுல வச்சு, நல்ல காய் விலையே குடுத்துருவாக. நான் கேட்டா, 'மச்சான் புள்ளைக்கு நல்லது நடக்குற நேரம், இப்பப் போயி எதுக்கு மனசை ஒடிக்கணும், அடுத்த வருசம் சொல்லிக்கலாம்'னாக. அடுத்த வருசமும் அதேதான் சொன்னாக."

"எப்பத்தா ஆரம்பிச்சது? சுகந்திக்கு மாப்பிள்ளை பாத்த வருசமா, கல்யாணம் நடந்த வருசமா?"

"ரெண்டுல ஒண்ணுண்ணே. சரியா நெனப்பு இல்லையே."

அந்த ஒரு வருசத்தில்தான் எல்லாம் இருக்கிறது, மச்சான். மகள் கல்யாண வருசம் நான் ஜிப்சம் போடவில்லை. மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுக்கிறது அது, கடலைக்கு மண் அணைக்கிற சமயத்தில் போட வேண்டியது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததில் விட்டுப் போனது. பயந்துகொண்டேதான் உன்னிடம் மூட்டையைக் கொண்டு வந்தேன். நீ பருப்பைக் காட்டினாய். அட, ஜிப்சம் இல்லாமலே இப்படியா என்று அதோடு விட்டுவிட்டேன். பிறகு ஒரு வருசமும் போடவில்லை. "அதெல்லாம் தண்டம்ப்பா" என்று ஊரில் நாலு பேருக்குப் புத்தி வேறு சொன்னேன். அவர்கள் யாரும் கேட்காமல் இருந்திருந்தால் நல்லது.

போன வாரம் வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தது. இந்தப் பக்கம் கடலை விளைச்சல் ஏன் வருசத்துக்கு வருசம் விழுகிறதென்று வீடு வீடாக எழுதிக்கொண்டு போனது. மழை தவறிவிட்டது என்றான் ஒருவன். மயில் கொத்துகிறது, பன்றி பறிக்கிறது என்றான் அடுத்தவன். விதையே சரியில்லை என்றான் இன்னொருவன். எல்லாம் உண்மை மாதிரிதான் தெரிகிறது. கடலை போட்ட காட்டிலெல்லாம் இப்போது மக்காச்சோளமும் தென்னையும் நிற்கிறது.

பொக்கைப் பற்றிக் கேட்டேன். மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் விழுமாம், காய் பிடிக்கிற நேரம் மண் காய்ந்தாலும் விழுமாம். "எந்த வருசம் ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்கய்யா, ஓரளவு கண்டுபிடிச்சுரலாம்" என்றது அந்தப் பெண். கல்யாணத்துக்கு முந்தியே ஆரம்பித்திருந்தால், ஜிப்சம் போட்டபோதே விழுந்த பொக்கு அது. குற்றம் மழையிலோ வேறெதிலோ இருக்கிறது. கல்யாண வருசத்தில் என்றால் குற்றம் என்னுடையது, திருத்திவிடலாம். பதில் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பெண் தன் படிவத்தில் வருசம் எழுதுகிற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போய்விட்டது.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு மண்ணில் என்ன குறை என்று அது சொல்லும். அன்றைக்கு நடந்ததைச் சொல்லுமா?

உன்மேல் கோபம் வருகிறது. என் நஷ்டத்தை நீ சுமந்தாய் என்று நினைத்தால் அழுகை வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வருசமே பார்த்திருப்பேனே என்று மறுபடியும் கோபம். நீ எனக்குச் செய்தது நல்லதா, கெடுதலா? நாள் முழுக்க யோசித்தும் விளங்கவில்லை.

இந்த ஆடியிலிருந்து சுகந்திதான் காட்டைப் பார்க்கப் போகிறாள். தென்னங்கன்றுக்குக் குழி வெட்ட ஆள் சொல்லி வைத்திருக்கிறாள். நேற்று வந்து கேட்டாள். "ஏம்ப்பா, ஆளை வரச் சொல்லவா, இல்ல கடலையே போடுவமா? நல்லா வருமா?"

அவள் முகத்தைப் பார்த்ததும், "நல்லா வரும்த்தா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், மச்சான். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உனக்கும் ஒவ்வொரு வருசமும் இப்படித்தான் இருந்ததா?

அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். பிறகு, "தெரியலத்தா" என்றேன். உன் தட்டையும் சொன்னேன், நான் போடாத ஜிப்சத்தையும் சொன்னேன். "மாமாவா அப்புடிச் செஞ்சாக?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவளே சொன்னாள். "பாதிக் காட்டுக்கு ஜிப்சம் போடுவோம், பாதிக்குப் போட வேணாம். என்னதான்னு பாத்துருவோம்ப்பா. குழி வெட்டுறவுகளை அடுத்த வருசம் வரச் சொல்லிக்கலாம்."

வருகிற கார்த்திகையில் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு படி காயை என் கையாலேயே உடைத்துப் பார்த்துவிட்டு, நீ படுத்திருக்கும் இடத்துக்கு வருவேன். பருப்பாக இருந்தால் பருப்பு என்று சொல்வேன். பொக்காக இருந்தால் பொக்கு என்று சொல்வேன். உன் மனசு நோகுமே என்று ஒரு காயைக்கூட உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இன்றைக்கும் உன் மச்சான்தான்,
பெரியசாமி