தாயோடு மேயும் வான்கோழிக் குஞ்சுகளுக்கும் புழு மருந்துப் பொடி வேண்டி

அனுப்புநர்:
வான்கோழி வளர்க்கும் தையற்காரி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்வீடு,
கடைசித் தெரு.

பெறுநர்:
உயர்திரு முதன்மை அலுவலர் அவர்கள்,
கால்நடை மருந்துக் கிடங்கு.

பொருள்: தாயுடன் வளரும் வான்கோழிக் குஞ்சுகளுக்குப் புழு நீக்கும் பொடி மறுக்கப்படுவது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டில் துணி தைப்பவள். கொல்லையில் இரண்டு பெட்டை வான்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வளர்க்கும் வழக்கம் என்னிடம் இல்லை. பெட்டைகளே அடைகாத்துப் பொரித்து, கூடவே கூட்டிக்கொண்டு மேய்கின்றன.

2. மழை விட்டபின் மண்புழு தின்ற குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கின. கால்நடை மருத்துவர் அம்மா வந்து பார்த்து, மூச்சுக்குழலில் புழு என்றார். அதற்குள் சில குஞ்சுகள் செத்துவிட்டன.

3. தங்கள் கிடங்கில் தண்ணீரில் கலக்கும் மருந்து கொடுத்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது கசக்கும். தாய் முதலில் அலகை வைத்துப் பார்த்தது, தலையை உதறியது, ஆபத்து என்று குரல் கொடுத்தது. அவ்வளவுதான், ஒரு குஞ்சும் அந்தத் தட்டின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என் கணவர் வேறு, "நீ சொன்னா வீட்டுல யாரு கேக்குறா? அது ஒரு குரல் குடுத்தா எல்லாம் கேக்குது பாரு" என்றார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

4. தாய் காட்டுவதைத்தான் குஞ்சு தின்னும் என்பதால், மருத்துவர் அம்மா தம்மிடம் மீதியிருந்த, தீவனத்தில் கலக்கும் பொடியை அளந்து தந்தார். நனைத்த தவிட்டில் அவித்த முட்டையை உதிர்த்து, பொடியைப் பிசைந்து மூத்த பெட்டையின் முன் வைத்தேன். அது ஆசையாகக் கூப்பிட்டது. குஞ்சுகள் விழுந்தடித்துக்கொண்டு வந்து தின்றன. அவர் சொன்ன நாள்வரை விடாமல் கொடுத்தேன். இன்று அவை வாயை மூடிக்கொண்டு கொல்லை முழுதும் ஓடுகின்றன.

5. இளைய பெட்டையின் குஞ்சுகளுக்குப் பொடி இல்லை. மருத்துவர் அம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தாயில்லாக் குஞ்சுகளை வளர்க்கும் விளக்குக் கொட்டகை உள்ள பண்ணைகளுக்கு மட்டுமே பொடி என்று கிடங்கில் விதியாம். (கிடங்குக்காரரைப் பூசாரி என்று சொன்னதாகக் கொள்ள வேண்டாம். அவர் நல்லவர்.) "தாயில்லாக் குஞ்சுன்னு எழுதிக் குடுங்கக்கா, இப்பவே தர்றேன்" என்றுதான் அவர் சொன்னார். பெற்றவள் கொல்லையில் நிற்கும்போது பிள்ளைகளை அனாதை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

6. எழுதினாலும் பொய்யாகிவிடக் கூடாதே என்று, குஞ்சுகளைப் பிரித்துத் தையல் விளக்கின் கீழ் விட்டும் பார்த்தேன். தாய் இரை எடுக்காமல் கம்பிவலையையே சுற்றிச் சுற்றி வந்தது. குஞ்சுகள் கத்திய கத்தலில் எனக்கு ஒரு தையல் ஓடவில்லை. பொழுது சாயும் முன் வலையைத் திறந்துவிட்டேன். எல்லாம் ஓடிப்போய் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

7. விதி எழுதியவர்கள் தாயை மறந்திருப்பார்களே தவிர, வேண்டாமென்று தள்ளியிருக்க மாட்டார்கள். ஆகவே "தாயுடன் மேய்பவை" என்று ஒரு வரி சேர்த்து, மருத்துவர் சீட்டின் பேரில் பொடி வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரில் பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம். சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே வரும். தாங்கள் அஞ்ச வேண்டாம், எல்லாம் வெறும் மிரட்டல்தான்.

இளையவளின் குஞ்சுகளுக்கு மூச்சு வாங்கினாலும் இன்னும் தின்னத் தெம்பிருக்கிறது. பிழைத்துவிடும் என்று மருத்துவர் அம்மாவும் சொல்கிறார். தவிடு நனைத்து வைத்திருக்கிறேன். கூப்பிடத் தாய் இருக்கிறது. ஐயா, பொடி மட்டும்தான் வர வேண்டும்.

இடம்: கடைசித் தெரு
நாள்: திங்கட்கிழமை

நல்ல பதில் வருமென்ற நம்பிக்கையுடன்,
(கையொப்பம்)
வான்கோழிக்காரி
(தையற்காரி என்று கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது)