நாலு நிமிட மணியும் நகை அறைத் திறப்பும்

யூலை 7, திங்கள்

சோளகக் காற்று ஓய்ந்தபாடில்லை. முற்றம் கூட்டிய கையோடு மறுபடி புழுதி. வாசல் படலை இன்னும் இறங்கிவிட்டது. தூக்கி, தோளால் இடித்து, பிறகுதான் கொழுவி விழுகிறது. தச்சருக்குச் சொல்ல வேண்டும்.

வர்த்தகம் படிப்பித்த காலத்தில் கடைசி வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், வேலையை விடுறதெண்டால் ஒரு மாதம் முன்னம் அறிவிக்கவேணும் எண்டு சொல்லுறியள். விடப்போறன் எண்டு சொன்ன பிறகும் ஒரு மாதம் அங்கை நிண்டு என்ன செய்யிறது?" இரண்டு உதாரணம் சொன்னேன். இரண்டும் சரிவரவில்லை. பாவம் பார்த்துத் தலையாட்டினாள்.

இன்று ஏன் அந்த நினைவென்றால், மனைவி சுகந்தி பத்தே முக்காலுக்கே வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. கொண்டுவந்தவை: சாப்பாட்டுப் பெட்டி (திறக்காதது), குடை, மாற்றுச் செருப்பு, மேசைப் பிள்ளையார்.

"இஞ்சரும், காய்ச்சலோ?"

"இல்லை. வேலையை விட்டிட்டன்."

"எப்ப தொடக்கம்?"

"பத்தேகால் தொடக்கம்."

ஒரு மாத அறிவித்தல் பற்றித் தொடங்கினேன். பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். சம்பளத்தில் வெட்டுவார்கள் என்றேன். "வெட்டட்டும்."

காரணம்: புது முகாமையாளர் (இனி மு.) ஒவ்வொரு கவுண்டரிலும் மணி வைத்திருக்கிறார். ஆளுக்கு நாலு நிமிடம். இன்று பண்டத்தரிப்பிலிருந்து ஓர் ஐயா, காது மந்தம். மூன்றாம் தடவை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது மணி அடித்திருக்கிறது. அதுமட்டும் அவருக்குக் கேட்டுவிட்டது. பூசை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். மு. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, எல்லோர் முன்னிலையிலும், "மிஸ், நேரம் முடிஞ்சுது!" ஐயாவின் வேலையை முடித்து அனுப்பிவிட்டுக் கடிதம் எழுதினாளாம். கைபேசியில் படம் காட்டினாள்:

"இன்றுடன் வேலையிலிருந்து விலகுகிறேன். இதை எழுத எடுத்த நேரம் மூன்று நிமிடம்."

முகவரி இல்லை. விளிப்பு இல்லை. ஆனாலும் பத்துக்கு ஒன்பது போடுவேன்.

மத்தியானம் இருவரும் ஒன்றாய்ச் சாப்பிட்டோம். திங்கட்கிழமையில்!

யூலை 8, செவ்வாய்

காலை ஏழு பத்து. சுகந்தி வங்கிச் சேலை கட்டி, கைப்பையும் எடுத்து, வாசலில் செருப்பைப் பார்த்தபடி நின்றாள். தேத்தண்ணி கொடுத்தேன். அந்தச் சேலையோடேயே வெங்காயம் உரித்தாள். கண்ணீர் வெங்காயத்தால்தான் என்று எழுதிவைக்கிறேன்.

நேற்றுக் கழுவாமல் விட்ட சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தேன். சுற்றிய துணிக்குள் ஒரு சாண் நீளத் திறப்பு. வங்கி நகை அறைப் பூட்டினுடையது! ஊர்ச்சனம் பாதுகாப்புக்கு வைத்த நகையெல்லாம் அந்த அறைக்குள். இரண்டு திறப்பு சேர்ந்தால்தான் கதவு திறக்கும்: ஒன்று மு.விடம், மற்றது இவளிடம். மேலதிகத் திறப்பு கொழும்பில். வர ஒரு கிழமை.

சைக்கிளில் கொண்டுபோனேன். மு. நல்ல பொடியன்தான், வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"சேர், உங்களிட்டை வாங்கேலாது. அவ தன்ரை கையாலை தந்து, புத்தகத்திலை கையெழுத்து வைக்கவேணும்."

"அப்ப புத்தகத்தைத் தாரும், வைப்பிச்சுக்கொண்டு வாறன்."

"புத்தகம் வெளியிலை போகக்கூடாது, சேர்."

விளக்க ஓர் உதாரணம் தொடங்கினேன். மணி அடித்தது.

வீட்டில் சுகந்தி: "அந்தப் படியிலை இனிக் கால் வைக்கமாட்டன்."

ஆக, திறப்பு போன வழியே திரும்பி வந்தது. மருதனார்மடத்தில் வாங்கிய கத்தரிக்காய் மட்டும் உருப்படி.

யூலை 9, புதன்

விடிய முன்னமே மணியக்கா. அடுத்த ஒழுங்கை. மகன் நோர்வேயிலிருந்து வந்து நிற்கிறான், வெள்ளிக்கிழமை கலியாணம். ஆடி பிறந்தால் நாளில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டிய தாலிக்கொடி நகை அறைக்குள்.

"சுகந்தி, நீர் வேலையை விட்டீர், சரி. என்ரை பிள்ளையின்ரை கொடியும் உம்மோடை சேந்து ராசினாமாவோ?"

சுகந்தி முகத்தைத் துடைத்தாள். பிறகு, "நான் போறன் அக்கா" என்று எழும்பினாள். இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்தான் தனக்காகக் கோபப்பட்டாள். அதுவும் இரண்டு நாளில் முடியப் போகிறது.

மணியக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தா. "என்னத்துக்கு அழுத முகத்தோடை? நீர் இரும். நான் போறன்."

மாலையில் வந்த செய்தி: மணியக்கா வங்கியில் இலக்கத் துண்டு எடுத்து, முறை வர, நாலு நிமிடம் கொடியைக் கேட்டிருக்கிறா. மணி அடித்ததும் எழும்பி இன்னொரு துண்டு. மறுபடி நாலு நிமிடம். சட்டம் ஒன்றையும் மீறவில்லை. பதினொரு துண்டு! கடைசித் துண்டில் கலியாணப் பலகாரங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாவாம்.

மூன்று மணிக்கு மு. கொழும்பில் அனுமதி கேட்டு வாங்கிவிட்டார். நாளை புத்தகத்தோடு இங்கே வருகிறார்.

யூலை 10, வியாழன்

தச்சர் வரவில்லை. மு. ஓட்டோவில் வந்தார். கூடவே இளம் அலுவலர் தர்சினி. இனித் திறப்பு அவளிடம். கையில் துணி சுற்றிய புத்தகம்.

"உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள் சுகந்தி. கோபம் வேறு, வீட்டுக்கு வந்தவர்கள் வேறு.

"இல்லை மிஸ், நாலு நிமிஷத்திலை போயிடுவம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐந்து. என் சைக்கிள் இருக்கையில் புத்தகத்தை வைத்துக் கையெழுத்து. திறப்பு கைமாறியது. "சரி, போட்டு வாறம்." பத்து ஒன்பது. சொன்னபடி நாலு நிமிடம்.

படலையில் கை வைத்தவர் நின்றார். "மிஸ்… அந்த நகை அறைக் கதவு உங்களுக்கு மட்டும்தான் திறக்குமெண்டு பொடியள் சொல்லுகினம்."

"பழங்கதவு, தம்பி. இறங்கிப்போச்சு. தூக்கி, தோளாலை இடிச்சு, பிறகு திருப்பவேணும்."

"எப்பிடி?"

"இந்தா, எங்கடை படலை மாதிரி."

தர்சினி வெளியே நின்று ஒரு தடவை, உள்ளே நின்று ஒரு தடவை. பிறகு மு.; கழுத்துப்பட்டியை முதுகுப்பக்கம் எறிந்துவிட்டு இடித்த இடியில் படலை கழன்றிருக்கும். தச்சர் வராதது நல்லதாய்ப் போயிற்று.

"இன்னொண்டு. பண்டத்தரிப்பு ஐயாவோடை வலப்பக்கம் நிண்டு கதையுங்கோ. கொடிகாமத்து அன்ரி கண்ணாடியை மறந்திட்டன் எண்டு சொல்லுவா. அவவுக்கு எழுத்துத் தெரியாது. காட்டிக்கொள்ளாமல் வாசிச்சுக் காட்டுங்கோ."

தர்சினி உள்ளங்கையில் எழுதினாள். இடம் போதாமல் மற்றக் கை. ஓட்டோக்காரர் ஒலி எழுப்பிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, "நான் வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வரட்டோ?"

மு. மெதுவாய்: "ஒரு மாதம் நிண்டிருந்தால் இதெல்லாம் அங்கையே சொல்லியிருக்கலாம், மிஸ்."

"நிண்டிருந்தால் மணியெல்லோ அடிச்சிருக்கும், தம்பி."

ஓட்டோ கிளம்பியது பத்து ஐம்பத்தேழுக்கு.

அரை மணியில் தர்சினியின் அழைப்பு. "அக்கா, திறந்திட்டுது!" பின்னால் மணியக்காவின் குரல், கவுண்டர் மணியையும் மீறி. சுகந்தி வங்கிச் சேலைகளை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வெங்காயம் இல்லாமலே கொஞ்சம் அழுதாள். பிறகு இரண்டு தேத்தண்ணி குடித்தாள்.

யூலை 11, வெள்ளி

காற்றுக் குறைவு. கலியாணம். கொடி நல்ல கனம். சுகந்தி பச்சைச் சேலை.

மு. என் பக்கத்து இலையில். பாயாசம் இரண்டு தரம் வாங்கினார்.

"மணியை எடுத்தாச்சோ, தம்பி?"

"எடுக்கலாமோ எண்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறன், சேர்."

"பதில்?"

"ஒரு மாதம் செல்லுமாம்."

கடைசி வாங்குப் பிள்ளைக்கு, எங்கே இருந்தாலும், மூன்றாவது உதாரணம்: உன் வீட்டுக்கு வந்தவர் படலையடியில் "போட்டு வாறன்" என்றதும் கடிகாரத்தைப் பார். அவர் உண்மையிலேயே போனதும் மறுபடி பார்.