விமானம் ஏறாத சாட்சி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணச் செய்தி படித்துத் துள்ளிக் குதித்தேன். மாப்பிள்ளை ஏ.சி. கடை வைத்திருக்கிறார் என்ற வரியில் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். போகட்டும்.

கடல் கடந்து வந்து என்ன படிக்கிறேன் என்று அம்மா கேட்டாராமே. மனிதன் பூமியையே மாற்றிவிட்ட காலம் இது. இந்தக் காலத்தில் பல நாட்டு இலக்கியங்களைச் சேர்த்துவைத்து எப்படிப் படிப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. காதலர்கள் மழையில் நனைந்தால் நாங்கள் காதலை விட்டுவிட்டு மழையைப் பார்ப்போம்.

இப்போது ஒரு சிக்கல். விமானப் புகை பூமியைச் சூடாக்குகிறது என்பதால், ஆராய்ச்சி முடியும்வரை விமானம் ஏறுவதில்லை என்று எங்கள் துறையில் எல்லோரும் உறுதிமொழி எடுத்திருக்கிறோம். வீட்டுக் கல்யாணத்துக்கு விலக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது என்று அடித்துப் பேசியவள் நான்தான். கோபப்படாதே.

உன் தங்கச்சி

மார்ச் 19

அருமைத் தங்கச்சிக்கு,

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது உனக்குப் புதிதில்லை. கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உலகம் சூடாகுறது இருக்கட்டும், எனக்கு இங்க தலை சூடாகுது" என்று எழுந்து போய்விட்டார்.

உன் வருங்கால அத்தான் பாவம், உன்னைச் சமாதானப்படுத்த நாவல் படிக்க ஆரம்பித்திருக்கிறார். கதாநாயகிக்கு வியர்க்கும் இடமெல்லாம் அந்த அறைக்கு எத்தனை டன் ஏ.சி. வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்.

பதிவாளர் அலுவலகத்தில் என் தரப்புச் சாட்சியாக உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். வேறு யாரையும் போட மனசு வரவில்லை. நீ வராவிட்டால் சண்டை போட மாட்டேன். அழுவேன்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அழுவாய் என்று படித்த அன்றே துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அலைந்து திரிந்து ஒரு சரக்குக் கப்பலில் இடம் பிடித்துவிட்டேன். நான் ஏறாவிட்டாலும் அது அந்தப் பக்கம் வரத்தான் போகிறது என்பதால் துறையில் ஆட்சேபம் இல்லை. கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா?

கப்பல் என்ன ஏற்றிவருகிறது என்று கேட்காதே. சரி, சொல்லிவிடுகிறேன். நிலக்கரி. பேராசிரியரிடம் சொன்னதும் எழுந்து புத்தக அலமாரியைத் திறந்தார். பிறகு, கடல் நாவல்களை எடுத்துப்போய் அந்த நிலக்கரி மேலேயே உட்கார்ந்து படி, ஆராய்ச்சிக்கு ஒரு அத்தியாயமாவது தேறும் என்றார்.

தங்கச்சி

ஏப்ரல் 21

என் தங்கத்துக்கு,

தேதியை மாற்றிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள். காரணம் கேட்டார்கள். உன் அத்தான்தான் பதில் சொன்னார்: "அவ தங்கச்சி கடல் வழியா வரப்போறா. வந்து சேரட்டும்." அந்த நிமிஷம்தான் இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நிச்சயமானது.

கப்பல் தாமதமானாலும் கவலைப்படாதே. நீ இல்லாமல் மனைவியாவதைவிட, உனக்காகக் காத்திருக்கும் கல்யாணப் பெண்ணாக இருப்பது எனக்குச் சுலபம்.

துறைமுகத்துக்கு நானே வருவேன். சோப்பும் துண்டும் கொண்டுவருகிறேன்.

அக்கா