மாடத்தில் நின்ற இரண்டு பேர்

என் செல்லச் சின்னவனுக்கு,

அம்மாவின் ஆயிரம் முத்தங்கள். அக்கரைக் கோட்டையில் குளிர் அதிகமாமே, படகோட்டி சொன்னான். கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு இருக்காதே. உன்னை எனக்குத் தெரியாதா?

இங்கே சாப்பாட்டுத் தட்டுகள் எல்லாம் மாறிவிட்டன. சேர்ந்து பாடுகிற பிள்ளைகள் என்று உன் முகத்தையும் உன் அண்ணன் முகத்தையும் வரைந்து கடைவீதியில் விற்பார்களே, அந்தத் தட்டுகள்தான். உன் முகத்தை மறைக்கச் சொல்லி மந்திரி உத்தரவு போட்டார். ஓவியர் உன் முகத்தின் மேல் ஒரு கிளியை வரைந்துவிட்டார். பாவி மனுஷன், கிளிக்கும் உன் மூக்கையே வைத்திருக்கிறார்! சந்தையில் பிள்ளைகள் இன்னும் உன்னை மாதிரியே முடி வெட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதற்கு மந்திரி என்ன உத்தரவு போடுவாராம்?

எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. முடிசூடிய அன்று புது ராஜா மாடத்தில் தனியாக நிற்க வேண்டும் என்று உன் அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கீழே கூட்டம் "பெரியவரே, சின்னவரே" என்று கத்தியதும், நீங்கள் சேர்ந்து பாடுகிற நாட்களில் செய்வது போலவே கையைப் பின்னால் நீட்டி உன்னை இழுத்து நிறுத்திவிட்டான். பழக்க தோஷம். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு கையசைத்தாய். அன்று ராஜாவோடு நின்றவன் பாதி ராஜாவாம். ஒரு நாட்டுக்கு ஒன்றரை ராஜா ஆகாதாம். அண்ணன் உயிரோடு இருக்கும்வரை நீ ஆற்றைத் தாண்டக் கூடாது என்று பாட்டன் காலத்துச் சட்டத்தைத் தூக்கி நீட்டினார்கள். அந்தச் சட்டத்தில் இடி விழ!

இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சுச் சளி என்றுதான் தொடங்கியது. இப்போது எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாடின தொண்டையில் வெறும் காற்றுதான் வருகிறது. வைத்தியர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். "தம்பிய ஒரு தடவ வரச் சொல்லுங்க, பாத்துட்டு அனுப்பிடறேன்" என்று மந்திரியிடம் கெஞ்சினான். ராஜாடா, கெஞ்சினான். அவர் அந்தச் சட்டத்தையே மறுபடி படித்துக் காட்டினார்.

நேற்று கஞ்சி ஊட்டும்போது, "ஏம்மா அழற? நான் போனா அவன் வந்துடுவான். உனக்கு எப்பவும் ஒரு பிள்ளை மிச்சம்" என்று சிரிக்கிறான். கரண்டியாலேயே ஒன்று வைத்தேன். ராஜாவை அடித்த குற்றத்துக்கு என்னையும் அக்கரைக்கு அனுப்பினால் நல்லதுதான். ஆனால் இவனை யாரிடம் விட்டுவிட்டு வருவது? பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தேன்.

உன்னைப் பார்க்காமல் என் கண் பூத்துப் போயிற்று. ஆற்றில் படகு தெரிந்தால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஓடிய பிறகுதான், ஐயோ, நீ வந்திருந்தால் என்ன அர்த்தம் என்று, அண்ணனுக்கு மூச்சு இருக்கிறதா பார்க்க அவன் கட்டிலுக்கு ஓடுகிறேன்.

அதனால் ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணா. நீ நூறு வயது வாழ வேண்டும். அந்தக் கோட்டையிலேயே உன் தலை நரைக்க வேண்டும். இந்த வாசலில் உன் முகத்தை நான் பார்க்கவே கூடாது.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா