ஒரே காரில் இரண்டு சம்பந்திகள்

மார்ச் 9, ஞாயிறு

டிக்கியைக் காலி செய்தேன். போட்டிக்குப் போகும் கார் சுமையில்லாமல் போக வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு குடை, லேபிலிருந்து கொண்டுவந்து மறந்துபோன ஒரு பல் செட், நான்தான் தொலைத்தேன் என்று என் வீட்டுக்காரர் ஆறு மாதமாகப் பழி போட்டுக்கொண்டிருந்த இடது கால் செருப்பு — எல்லாம் வெளியே வந்தது. செருப்பைக் கொண்டுபோய் இவர் கண்ணெதிரே வைத்தேன். மனிதர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பல் செட் செய்கிறவளுக்குக் கார் பந்தயம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஆட்டோகிராஸ் என்றால் ஏதோ பறப்பது என்று நினைக்கிறார்கள். காலியான பார்க்கிங் மைதானத்தில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோன்களை வைத்து வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்த நேரம்தான் கணக்கு. கோனைத் தள்ளினால் இரண்டு செகண்ட் தண்டம். வீட்டுக் கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஜூன் மாதக் கடைசிச் சுற்றில் அந்தப் பிரிவில் முதலாவதாக வருபவரைக் கிளப் பெரிய போட்டிக்கு அனுப்பும். ஒரே ஒரு இடம். எனக்கு அது வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் ஒன்றின்மேல் இவ்வளவு வெட்கமில்லாமல் ஆசைப்பட முடிகிறதே!

சாயங்காலம் சம்பந்தி வந்தார். மகளின் மாமனார். லிஃப்டுகளைச் சோதித்து, பத்திரமானது என்று கையெழுத்துப் போடும் உத்தியோகம். போன மாதம் வேடிக்கை பார்க்க வந்தவர், ஆசை தொற்றிக்கொண்டு தன் பெரிய காரையே இறக்கினார். அது படகு மாதிரி ஆடி, ஒரு வரிசைக் கோன்களையே படுக்க வைத்தது.

"சம்பந்தியம்மா, ஒரே வண்டிய ரெண்டு பேர் ஓட்டலாமாமே கிளப்புல... உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா..."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் மகளின் போன். "அம்மா, முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே!"

மார்ச் 11, செவ்வாய்

முடியும் என்று சொல்லியாகிவிட்டது. பெண்ணைக் கொடுத்திருக்கிறேனே, காரைக் கொடுக்க மாட்டேனா.

மார்ச் 22, சனி

அலைன்மென்ட்காரர் முன்சக்கரங்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்க வைத்திருக்கிறார். கார் சட்டென்று திரும்புகிறது. ஆனால் நேர்ச்சாலையில் கடைத்தெருவைக் கண்ட குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் இழுக்கிறது. இவர் கைப்பிடியைப் பிடித்த பிடியை வீடு வரை விடவில்லை.

பின்பக்கத்துக்குக் கொஞ்சம் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி போட்டோம். விதிப்படி அந்த ஒரு மாற்றம் செய்யலாம். வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பி அது. முனையில் மூன்று துளைகள்: மெது, நடு, கடினம். கடினமாகப் போட்டால் காரின் வால் வெளியே வீசும். அந்த வீச்சிலேயே திரும்பிவிடலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். கடினம் என்றேன்.

"வால் கொஞ்சம் ஜாஸ்தியா வீசுமோ..." என்று சம்பந்தி இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "உங்க இஷ்டம் சம்பந்தியம்மா" என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்பைத் தொழில் ரீதியாக எனக்குத் தெரியும். மேல் வரிசை மட்டும் தெரிந்தால் அது மரியாதைச் சிரிப்பு. நிஜமாகச் சிரிப்பவர்களுக்குக் கீழ் வரிசையும் தெரியும். சம்பந்தியின் கீழ் வரிசையைக் கல்யாணத்திலிருந்து இன்றுவரை நான் பார்த்ததில்லை.

சீட்டுக்கு அடியில் நகப்பூச்சால் இரண்டு கோடு போட்டேன். என் காலுக்குச் சிவப்பு, அவர் நீளக் காலுக்கு வெள்ளை. ஓட்டி முடித்ததும் அவரே சீட்டைச் சிவப்புக்கு நகர்த்தி, ஸ்டியரிங்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இறங்குகிறார். அந்த அளவுக்கு மரியாதை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெயித்தேன்! ஜெயித்தேன்! ஜெயித்தேன்!

சரி, ஒழுங்காக எழுதுகிறேன். கிளப்பில் கூலியாள் கிடையாது. பாதிப் பேர் ஓடும்போது மீதிப் பேர் வளைவுக்கு வளைவு நின்று கோன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சாக்பீஸால் கட்டம் போட்டிருக்கும். கோன் விழுந்தாலோ, கட்டத்தை விட்டு முழுக்க வெளியே போனாலோ தண்டம். நின்றபடி கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டமில்லை. பார்த்ததை வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டு, கோனை எடுத்து வைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். ஒரே கார் என்பதால் நான் ஓடும்போது சம்பந்தி பார்ப்பார். அவர் ஓடும்போது நான். கடைசி வளைவு எங்களுடையது.

என் ஓட்டத்துக்கு ஒரு தண்டம்கூட இல்லை. சம்பந்தி இரண்டாவது. கோப்பை என் உள்ளங்கை அளவுதான். ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பிறகு டி.வி. பக்கத்தில். பிறகு வாசலிலிருந்தே தெரிகிற இடத்தில்.

"தலையில வச்சுக்கோயேன்" என்றார் இவர்.

மே 4, ஞாயிறு

மறுபடியும் நான் முதல், சம்பந்தி இரண்டு! டயரின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, எவ்வளவு தூரம் அழிகிறது என்று பார்த்துப் பார்த்துக் காற்றைக் குறைத்தோம். வண்டி சொன்னபடி கேட்கிறது. கடினத் துளைதான் சரி என்று நான் அன்றைக்கே சொன்னேனே.

பின் பம்பரின் மூலையில் ஆரஞ்சுத் தீற்றல். "நான்தான் இடிச்சிருப்பேன்" என்றார் சம்பந்தி. இருக்கும். அவருக்கு இன்று நடுவளைவில் ஒரு தண்டம் விழுந்தது. பாவம், பெருந்தன்மையான மனிதர்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

இன்று சம்பந்தி பிரமாதமாக ஓடினார். என் நேரத்தை முந்திவிடுவார் என்று தெரிந்துவிட்டது. கடைசி வளைவில், என் கண் முன்னால், வால் வீசி ஒரு கோனைத் தட்டியது. விழவில்லை. நின்றபடியே நகர்ந்து கட்டத்துக்கு வெளியே போய் நின்றது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

கையில் வாக்கி-டாக்கி. சொல்லாமல் விட்டால் என்ன? மாப்பிள்ளையின் அப்பா. ஆனால் சொல்லாவிட்டால் நான் அங்கே எதற்கு நிற்கிறேன்? அதோடு, சொன்னால் நான் ஜெயிப்பேன் — அதனால்தான் சொல்கிறேனோ? இந்தக் குழப்பத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "நீலக் கார், ஒரு கோன்."

நான் முதல். சம்பந்தி இரண்டு. "பரவாயில்லை" என்றார். மேல் வரிசை. வீடு வரும்வரை இரண்டு பேரும் வைப்பர் பிளேடைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஜூன் 2, திங்கள்

மகள் போன் செய்தாள். மாமா நேத்து யாரோடும் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்துட்டாராம். "ஒரு கோன்தானேம்மா, கண்டுக்காம விட்டிருக்கலாமே?"

நான் என்ன கொலையா செஞ்சேன்? இருந்ததைச் சொன்னேன். அது ஒரு தப்பா? பொண்ணு வீட்டுக்காரின்னா கண்ணையும் மூடிக்கணுமா? போங்கடா.

ஜூன் 4, புதன்

சம்பந்தி லேபுக்கே வந்துவிட்டார். நான் பல் செட் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"கோபமெல்லாம் இல்ல சம்பந்தியம்மா. ஒரு சின்ன வருத்தம். நான் உங்களுக்கு எத்தனை கோனை விட்டுக்கொடுத்திருக்கேன்... நீங்க ஒண்ணே ஒண்ணு..."

தேய்ப்பதை நிறுத்தினேன். "எத்தனைன்னா?"

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும்! என் வால் கடைசி வளைவில் கோனைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டுகிறவளுக்கு அது தெரியாது. முன்பக்கம் தாண்டிய பிறகு பின்பக்கம் தட்டுகிறது. சம்பந்தி ஓசைப்படாமல் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றிருக்கிறார். ஆரஞ்சுத் தீற்றல் என்னுடையதுதான்.

"லிஃப்டுக்கும் இப்படித்தான் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. அடுத்த மேஜைக்காரி அச்சைக் கீழே போட்டாள்.

"சம்பந்தியாச்சே..." என்றார்.

"நான் ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே! எல்லாம் நீங்க போட்ட பிச்சையா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கும் அழுகை வந்தது. பல் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 5, வியாழன்

கோபம் இறங்கிய பிறகுதான் உறைத்தது. கோப்பை போனால் போகிறது. காரையே தப்பாக அமைத்து வைத்திருக்கிறேன்! ஒவ்வொரு கோனையும் அவர் சொல்லியிருந்தால், வால் அதிகமாக வீசுகிறது என்று ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். தண்டமில்லை, தண்டமில்லை என்று கேட்டுக் கேட்டு, கடினத் துளைதான் சரி என்று நானும் பூரித்துப்போயிருந்திருக்கிறேன். மரியாதை காட்டுகிறேன் என்று மனிதர் என் காரைக் கெடுத்துவிட்டார்.

ஜூன் 7, சனி

மூன்று கோப்பைகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளப் செயலாளரிடம் போனேன். எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும் அம்மாள். எங்களுக்கு அவர் விசிலம்மா. முழுதும் கேட்டுவிட்டு, "கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்க எங்ககிட்ட அலமாரி இல்ல" என்றார். நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். மகள் சமையலறை வாசலில் உறைந்து நின்றாள்.

"இது உங்களோடது. கடைசிச் சுத்துல நீங்க என் கோனைப் பாக்கணும். பாத்ததைச் சொல்லணும். சொல்லலைன்னா இனிமே காரும் கிடையாது, பேச்சும் கிடையாது."

"சொல்றேன்" என்றார்.

"அந்த வால் விஷயம். நிஜமா என்ன நினைக்கிறீங்க?"

மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மெதுத் துளையில போடணும். முதல் நாளே தோணிச்சு."

அலைன்மென்ட்காரரிடம் போய் மெதுத் துளைக்கு மாற்றினோம். திரும்பும்போது வேகம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சல். சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் என் முறை. முதல் ஓட்டம், கடைசி வளைவு. எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் விசிலம்மாவின் மேஜையிலிருந்த வாக்கி-டாக்கியில் மைதானமே அதிரும்படி ஒரு குரல்: "நீலக் கார்! ஒரு கோன்!" அப்பா, என்ன உற்சாகம்! மூன்று மாதக் கோனையும் சேர்த்துச் சொன்ன மாதிரி. ஹெல்மெட்டுக்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

இரண்டாவது ஓட்டத்திலும் ஒன்று. கையை முன்னாலேயே திருப்புகிறேன் என்று புரிந்தது. கடினத் துளைக்குப் பழகிய கை. மூன்றாவதில் பொறுத்துத் திருப்பினேன். வால் அடக்கமாகப் பின்னால் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். "நீலக் கார், தண்டமில்லை." அந்த ஒரு சொல்லை முழுக்க முழுக்க நம்பினேன். ஏப்ரல் கோப்பையைவிட அது இனித்தது. அதுவரை பிரிவில் நான் முதல்.

பிறகு அவர் முறை. வாக்கி-டாக்கியோடு நான். இரண்டு ஓட்டத்தில் என்னைத் தொடமுடியவில்லை. மூன்றாவது, அன்றைய கடைசி ஓட்டம். காற்று மாதிரி வந்தார். வால் உரசியது, கோன் ஆடியது, ஆடியது, நின்றது. ஓடிப்போய் மண்டியிட்டுப் பார்த்தேன். அடிப்பாகத்தின் ஓரம் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு மயிரிழை. தினமும் பல்லில் அந்த அளவைப் பார்க்கிறவள் நான். தப்பாகப் பார்க்க வழியில்லை. தப்பாகப் பார்க்கக் கூடாதா என்று ஒரு கணம் மனசு கெஞ்சியது.

"தண்டமில்லை" என்றேன். பெரிய போட்டி என் வாயாலேயே போயிற்று.

சம்பந்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். "உண்மையைச் சொல்லுங்க. கோட்டுலதான் இருந்துச்சா, இல்ல சம்பந்தின்னு விட்டுட்டீங்களா?"

"அங்கேயேதான் நிக்குது. போய்ப் பாருங்க."

போனார். மண்டியிட்டார். லிஃப்ட் சோதிக்கிற சின்ன டார்ச்சைப் பையிலிருந்து எடுத்து, வெட்டவெளி வெயிலில் அடித்துப் பார்த்தார்! இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எழுந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழ் வரிசையில் நடுப்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

ஜூலை 5, சனி

பெரிய போட்டிக்குப் போவது என் கார், ஓட்டுவது அவர், அமைப்பது நான். காலையிலேயே வந்துவிட்டார். அந்த மைதானம் பெரிது, கம்பியை நடுத் துளைக்கு மாற்றலாம் என்றேன்.

"தப்பு சம்பந்தியம்மா. ரொம்பத் தப்பு."

விடுவேனா? சாக்பீஸால் தரையிலேயே வளைவு போட்டுக் காட்டினேன். அவர் அதைக் காலால் அழித்துவிட்டு வேறு போட்டார். இவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சற்று நேரத்தில் மகளின் போன். "அப்பா சொன்னாரு, தெருவுக்கே கேக்குதாமே! ரெண்டு பேருக்கும் சண்டையாம்மா?"

"ஆமாம், சண்டைதான். வை போனை."

கம்பி மெதுத் துளையிலேயே இருக்கட்டும், டயர் காற்று என் கணக்குப்படி என்று முடிவாயிற்று. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். பிறகு கடைக்குப் போகலாம் என்று உட்கார்ந்தால் பெடல் காலுக்கு எட்டவில்லை. சீட் வெள்ளைக் கோட்டிலேயே இருக்கிறது. ஸ்டியரிங்கில் சாக்பீஸ் கைத்தடம். நானே சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.