எந்த வண்டி எடுக்கட்டும், துர்கா?

முசரவாக்கம்
2-3-2025

அன்புள்ள துர்காவுக்கு,

ஆனந்தராஜ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காவேரிப்பட்டணத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன பிறகு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் பண்ணினால் எடுக்க மாட்டேன், விஷயம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் இதுதான். புது வண்டி எடுக்கப் போகிறேன். பழைய வண்டியில் போய் இறங்கினால் மனை பார்க்க வருகிற சென்னைக்காரன் எவனும் மதிப்பதில்லை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் பெரிய செடான். ஒன்று ஹைபிரிட், பாதி பேட்டரி, பாதி பெட்ரோல். முகூர்த்த நாளில் பட்டு எடுக்க வருகிற கூட்டத்தோடு காந்தி ரோட்டில் மாட்டிக்கொண்டாலும் பெட்ரோலைக் குடிக்காதாம். இன்னொன்று முழு பெட்ரோல், ஸ்போர்ட்ஸ் வண்டி. ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஐயோ துர்கா, அந்தச் சத்தத்தை நீ கேட்க வேண்டும்!

மண்டை காய்கிறது. தர்மன் மாமா பெட்ரோல்தான் என்கிறார். நம் சத்யப்ரியா ஹாஸ்டலிலிருந்து ஹைபிரிட் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறாள். அம்மாவைக் கேட்டேன். "எதுல ஏறினாலும் பின்னாலதானே குந்தப் போறேன், என்னை இன்னாத்துக்குடா கேக்குற?" என்று எழுந்து போய்விட்டாள்.

ஜோசியர் வேறு ஒன்றைக் கிளப்பிவிட்டார். "உன் ஜாதகத்துல வாகன யோகம் படுத்துக்கினு இருக்குதுபா. உன் சம்சாரத்துக்குத்தான் ஓகோன்னு இருக்குது." வண்டியை உன் பேரில்தான் எடுக்க வேண்டுமாம். ஆகவே உன் கையெழுத்து வேண்டும். எந்த வண்டி என்பதையும் நீயே சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

ஊரில் கேட்பவர்களிடம் 'ப்ரொமோஷன்ல மாத்தல்' என்றே சொல்லி வருகிறேன். அப்படித்தானே?

இப்படிக்கு,
உன் ஆனந்தராஜ்


காவேரிப்பட்டணம்
9-3-2025

அன்புள்ள சத்யப்ரியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்ட கையோடு காரில் ஏறிவிட்டீர்கள். பரவாயில்லை, சாப்பிட்டாயா என்றாவது கேட்டீர்களே. சாப்பிடுகிறேன். பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது. பசங்களைவிட எனக்குத்தான் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. அத்தைக்குப் பிரஷர் மாத்திரை முடிந்திருக்கும், வாங்கிக் கொடுத்தீர்களா?

மாற்றல்தான். ஆனால் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் இந்த ஊரைக் கேட்டு வாங்கியது நான். அதையும் ஊரில் சொல்லுங்கள்.

ஹைபிரிட்டா பெட்ரோலா என்று என்னைக் கேட்கிறீர்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீங்களே ஒரு ஹைபிரிட்தானே! அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா சொல்வது சரி, என் பக்கத்தில் வந்தால் நான் சொல்வது சரி, தர்மன் மாமா வந்துவிட்டால் இரண்டும் ஆஃப்.

நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என்ன என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அத்தைக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம். படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார். தனியாகத் தூக்க முடியாமல் அழுதுகொண்டே உங்களுக்குப் போன் பண்ணினேன். "அத்தை படுக்கையெல்லாம் நனைச்சிட்டாங்க, புடவையெல்லாம் ஆயிடுச்சு, என்னால முடியல, சீக்கிரம் வாங்க" என்றேன். நீங்கள் வண்டியில் இருந்தீர்கள். என் குரல் வண்டி ஸ்பீக்கரில் ஓடியது. பின்சீட்டில் தர்மன் மாமாவும் நம் ஊர்க் கட்சிக்காரர் இரண்டு பேரும். ஆள் இருக்கிறார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அணைக்கவும் இல்லை. நான் பேசி முடிக்கும்வரை ஓடவிட்டீர்கள்.

அன்று சாயந்திரமே மாமா வந்து, "உன் மருமவ நாலு பேர் நடுவுல உன் மானத்தை வாங்கிட்டாக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அத்தை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதே கூடத்தில்தான் நீங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். வாயைத் திறந்தது இட்லிக்கு மட்டும்தான்.

ஸ்பீக்கரில் போட்டது நான்தான், துர்காவுக்குத் தெரியாது என்று அத்தையிடம் சொல்லுங்கள். அப்புறம் நான் வருவதைப் பற்றியும் பேசலாம், கையெழுத்தைப் பற்றியும் பேசலாம்.

துர்கா


முசரவாக்கம்
18-3-2025

அன்புள்ள துர்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். கோபப்படாதே. சொல்லத்தான் போனேன். முதல் நாள் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த நாள் அமாவாசை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள், நான் வண்டி பார்க்கக் கிளம்பிவிட்டேன். பழசைக் கிளறினால் அம்மாவுக்குத்தானே மறுபடி அவமானம்? இப்படியும் தோன்றுகிறது, நீ சொல்வதும் சரி என்றும் தோன்றுகிறது.

மாத்திரை வாங்கிவிட்டேன்.

பெட்ரோல் வண்டியை ஓட்டிப் பார்க்க ஊருக்குள் கொண்டுவந்தேன். நம் தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு 'கிரீச்' என்று தேய்த்தது. வண்டி அவ்வளவு தாழ்வு. டீக்கடையில் இருந்தவன் எல்லாம் எழுந்து நின்று பார்த்தான். அந்த ஸ்பீட் பிரேக்கர் வேண்டும் என்று பஞ்சாயத்தில் மனு கொடுத்து அலைந்ததே நான்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். சரி, ஹைபிரிட்தான் என்று முடிவு பண்ணி அட்வான்ஸ் கட்டினேன். வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது. மறுநாள் போய் அங்கேயும் அட்வான்ஸ் கட்டிவிட்டேன்.

திட்டாதே. இப்போது இரண்டு ஷோரூமிலிருந்தும் போன் பண்ணுகிறார்கள். "சார், மேடம் எப்ப சார் வருவாங்க?" என்கிறார்கள். எனக்கே தெரியாததை அவர்களிடம் என்ன சொல்வது?

அம்மாவிடம் நான் சொல்லிவிட்டால் நீ வந்துவிடுவாயா? அதை மட்டும் முதலில் சொல்லிவிடு.

உன் ஆனந்தராஜ்


காவேரிப்பட்டணம்
25-3-2025

அன்புள்ள சத்யப்ரியா அப்பாவுக்கு,

இரண்டு இடத்திலும் அட்வான்ஸா? நல்லா இருக்கிறது போங்கள். ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், என்ன மேடம் என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வேன்?

ஆனால் கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. சொன்னால் நான் வருவேனா என்று தெரிந்துகொண்டுதான் சொல்வீர்களா? அப்படியானால் சொல்லவே வேண்டாம். அத்தைக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. பெற்றவளிடம் சொல்வதற்கு என்னிடம் கியாரண்டி கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. விடைத்தாள் கட்டு வந்து கிடக்கிறது.

துர்கா


முசரவாக்கம்
8-4-2025

அன்புள்ள துர்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஹைபிரிட் வண்டியில் அம்மாவை ஒரு தடவை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று கூட்டிப் போனேன். நான் ஓட்டினேன். பக்கத்தில் ஷோரூம் பெண் சிம்ரன், பின்னால் அம்மா. மூங்கில் மண்டபம் சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்துவிட்டது. வண்டிக்குள் ஒரு சத்தம் கிடையாது. அம்மா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. என்ன ஆயிற்றோ தெரியவில்லை, "அம்மா, அன்னிக்கி துர்கா போனை ஸ்பீக்கர்ல வெச்சது நான்தான்மா. அதுக்குத் தெரியாது" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சிம்ரன் பக்கத்தில் இருப்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மறுபடியும் அதே தப்பு! அந்தப் பெண் பாவம், எதிரே இருந்த புடவைக் கடை போர்டையே படித்துக்கொண்டிருந்தது.

அம்மா அழவில்லை. "எனக்குத் தெரியும்டா" என்றாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து நாம வரும்போதும் உன் போனு வண்டி பூரா கத்திக்கினுதானே வந்துது. அவ சொன்னதுல இன்னாடா தப்பு? அவதான் அத்தனையும் அலசினா. அதை தர்மனும் ஊர்க்காரனும் கேக்குறாங்கன்னு தெரிஞ்சும் நீ அந்தச் சத்தத்தை நிறுத்தலியே. அதைத்தான் என்னால முழுங்க முடியல."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

மறுநாள் காலையில் பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு, கூரத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வண்டியில் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். சித்தி போன் எடுக்கவில்லை. கோபம் ஆறட்டும், அடுத்த வாரம் நேரில் போகலாம் என்று இருக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஆனால் எல்லாம் சரியான மாதிரி இல்லையே, ஏன்? வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அம்மா கோபம் உன்மேல் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் நடுவில் நின்றேன். என்மேல் என்றால் நான் எங்கே நிற்பது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஷோரூம்காரர்கள் பதினைந்தாம் தேதிக்குள் சொல்லச் சொல்கிறார்கள். எதை எடுக்கட்டும்? நீ வருகிறாயா?

உன் ஆனந்தராஜ்


காவேரிப்பட்டணம்
12-4-2025

அன்புள்ள சத்யப்ரியா அப்பாவுக்கு,

கூரத்துக்குப் போக வேண்டாம். அத்தை அங்கே இல்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதும்போது என் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

ஏழாம் தேதி சாயந்திரம் ஸ்கூல் கேட்டில் வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றார். "துர்கா டீச்சர் எங்க ஊட்டு மருமவப்பா, இன்னாத்துக்கு என்னைத் தடுக்குற?" ஆர்க்காடு, வேலூர், கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார், இந்த உடம்போடு. கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது, ஏன் அத்தை என் முகத்தையே பார்க்கவில்லை என்று கேட்டேன். "உன் மூஞ்சைப் பார்த்தா எனக்கு அந்தப் படுக்கை ஞாபகம் வந்துதுமா. கூச்சமா இருந்துது. நீ கோவம்னு நெனச்சிக்கினு மூட்டையைக் கட்டிட்ட" என்றார். ஒரு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இப்படித்தான் இருந்திருக்கிறோம். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் எனக்கு ரசம் ஊற்றினார்.

நீங்கள் சொன்னது நல்லது. எந்த இடத்தில் சொன்னால் என்ன, சொன்னீர்கள். அதற்காக எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அங்கே வரவில்லை. அத்தையும் வரவில்லை. "அவன் வீட்டுல எனக்கு இன்னா வேலை? பின்சீட்டுக்கு ஆள் வேணும்னா தர்மனை ஏத்திக்கட்டும்" என்கிறார். குவார்ட்டர்ஸில் ஒரு ரூம் சும்மாதான் இருந்தது, அதை ஒழித்துக் கொடுத்துவிட்டேன்.

எந்த வண்டி என்று நான் சொல்லப் போவதில்லை. என் பேரில் எதுவும் எடுக்க வேண்டாம். ஹைபிரிட்டோ பெட்ரோலோ, உங்கள் பேரிலேயே எடுங்கள். யோகம் இருக்கிறதோ இல்லையோ, ஓட்டப் போவது நீங்கள்தானே.

இங்கே வர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். போகலாமா வேண்டாமா என்று மாமாவைக் கேட்காதீர்கள், ஜோசியரைக் கேட்காதீர்கள், சத்யப்ரியாவையும் கேட்காதீர்கள். என்னையும் கேட்டு எழுத வேண்டாம்.

துர்கா