படத்தில் விழுந்த குரல்

மாப்ள,

இன்று காலை அச்சகத்தைத் திறந்ததும் மை வாடையோடு உன் நினைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்தது என் மகளின் கல்யாணப் பத்திரிகை. முதல் ஓட்டத்தில் கறுப்பு, அது காய்ந்தபின் அதே காகிதத்தில் சிவப்பு. இரண்டாவது ஓட்டத்தில் காகிதம் துளி நகர்ந்துவிட்டது. மகள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "வெளக்கு இங்கிட்டு இருக்கு, தீபம் அங்கிட்டு எரியுதேப்பா. ஊருக்கெல்லாம் ஒழுங்கா அடிச்சீங்க, எனக்கு மட்டும் இப்புடியா?"

மிஷினை நிறுத்தினேன். நீ இருந்திருந்தால் கடற்கரையில் மீனை ஏலம் கூறும் அதே தொண்டையில், "வெளக்கு தனி ஏலம், தீபம் தனி ஏலம்!" என்று கறம்பக்குடி கடைத்தெருவையே கூட்டியிருப்பாய்.

விலகி நின்ற அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருச்சி ஆஸ்பத்திரி கண்ணுக்கு முன்னால் வந்தது.

உன் நிணநீர்க் கணுக்களில் வந்த புற்றுநோய்க்கு மருந்தெல்லாம் ஏற்றி முடித்திருந்த நேரம். நோய் போய்விட்டதா, எங்காவது பதுங்கியிருக்கிறதா என்று அங்கே எடுக்கும் ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். "மறுபடியும் மருந்துன்னா என் ஒடம்பு தாங்காது மச்சான்" என்று பஸ்ஸில் ஒரே ஒரு முறை சொன்னாய். பிறகு கண்டக்டரோடு வம்புக்குப் போய்விட்டாய்.

கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினார்கள். "அசையாம, பேசாம உக்காந்திருங்க பாய்" என்றார் நர்ஸம்மா. மணவறை மாப்பிள்ளைபோல் தலையாட்டினாய். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். திரையில் நீ சாம்பல் நிறத்தில் படுத்திருந்தாய். எலும்பு, நுரையீரல் எல்லாம் தெரிந்தது. அதன்மேல் அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் தணல். தலைக்குள் ஒரே ஜொலிப்பு. "மூளை எரியுது மாப்ள, அப்ப ஒனக்கும் அது இருக்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் விரல் திரையில் உன் கழுத்தருகே நின்றிருந்தது. அங்கேயும் தணல். நீ என் கையைப் பிடித்தாய். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததுபோல் இருந்தது உன் கை.

"ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?"

"கொஞ்சமா சார்..."

"கொஞ்சமாவா?" என்றார் நர்ஸம்மா. "மீன் ஏலம் எப்புடி விடுறதுன்னு அங்க இருந்தவங்களுக்கு நடத்தியே காட்டிட்டாரு சார். ஒரு அம்மா வஞ்சிரத்துக்கு வெலை கேட்டுட்டாங்க."

டாக்டர் எதையோ தட்டினார். தணல் மறைந்தது, சாம்பல் கழுத்து மட்டும் நின்றது. கட்டி இல்லை, வீக்கம் இல்லை. மறுபடி தட்டினார். தணல் வந்து குரல் தசையின்மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. "நோய் சர்க்கரையை அள்ளித் தின்னும். வேலை செய்யிற தசையும் தின்னும். இது ஒங்க பேச்சு. ஒடம்புல எங்கயுமே நோய் தெரியல" என்றார்.

நீ அழுதாய். அப்படியே, "அப்ப என் சத்தமா சார் அது?" என்றும் கேட்டாய்.

நான் வாய் பிளந்து நின்றதைப் பார்த்து டாக்டர் எனக்கும் சொன்னார். முன்பெல்லாம் எக்ஸ்ரே கதிரால் உருவம் காட்டுவது ஒரு மிஷின், தணல் காட்டுவது வேறு மிஷின். இரண்டு வேளை, இரண்டு படுக்கை. ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு உத்தேசமாகச் சொல்வார்களாம். ஆள் கொஞ்சம் புரண்டு படுத்திருந்தாலும் தணல் இடம் மாறித் தெரியும். பிறகுதான் யாரோ மகராசர்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, நடுவில் ஒரே படுக்கையை ஓடவிட்டார்கள்.

மாப்ள, என் மிஷினில் போவது உயிரில்லாத காகிதம். இருமாது, பயப்படாது. அதிலேயே இரண்டு நிறத்தைச் சேர்க்க ஆயுசு முழுக்க மல்லுக்கட்டுகிறேன். அவர்களோ மூச்சு விடுகிற, நெஞ்சு துடிக்கிற, மீன் விற்கிற ஓர் ஆளை உள்ளே அனுப்பி, உருவத்தையும் உயிரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்துவிட்டார்கள். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இரண்டு பிரியாணி சாப்பிட்டாய்.

அதற்குப் பிறகும் சில வருடம் கரையில் கத்திக்கொண்டுதான் இருந்தாய். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, எந்த மிஷினுக்கும் நேரம் கொடுக்காமல் போய்விட்டாய்.

வாப்பாவின் குரலைச் செல்லில் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டேனே என்று உன் மகன் மாய்ந்து போகிறான். பத்திரிகையை மறுபடி அடித்துவிட்டேன். இப்போது தீபம் திரியில் நிற்கிறது. அதில் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நாளை உன் வீட்டுக்குப் போகிறேன். அவனை உட்காரவைத்து நான் பார்த்ததைச் சொல்லப்போகிறேன்: உன் வாப்பாவின் குரல் ஆரஞ்சு நிறம். கழுத்துக்கு நடுவே, கொஞ்சமும் விலகாமல் எரிந்துகொண்டிருந்தது.